டிசம்பர் கணக்கில் ஒரு தாய்

ஃபவ்வாஸ் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. அம்மான் நகரத்தில் காசும் பதவியும் உள்ள எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கையில் ஆரஞ்சுப் பை, கழுத்தில் சாம்பல் நிற மஃப்ளர், முகத்தில் அளவாக ஒரு சோகம், இதெல்லாம் சேர்ந்து வராந்தாவில் நடந்து வருவதைப் பார்த்துவிட்டால் போதும். டாக்டர் நம்மிடம் எதையோ மறைக்கிறார் என்று வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். மலக்குல் மவுத்தின் ஏஜெண்ட் என்று அவனுக்கு ஊரே பெயர் வைத்திருந்தது. உயிரை வாங்கும் வானவர் வந்து சேருவதற்குள் அவருடைய ஏஜெண்ட் முதலில் வந்து விலைப்பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போவானாம்.

பாவம், மனிதன் ஒன்றும் கெட்டவனில்லை. ஒரு நாளிதழ் கம்பெனியில் இரங்கல் விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன், அவ்வளவுதான். வயிற்றுப்பாட்டுக்கு ஒருவன் பல் பிடுங்குகிறான், ஒருவன் சாக்கடை அள்ளுகிறான். இவனுக்கு வாய்த்தது இது.

பத்திரிகை என்றால் செய்தியை விற்றுப் பிழைக்கிற தொழில் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், நன்றாக இருக்கட்டும். ஒரு பிரதிக்கு ஆகிற காகிதச் செலவே அதன் விலையைத் தாண்டிவிடும். அந்த விலையிலும் பாதியை வண்டிக்காரனும் கடைக்காரனும் எடுத்துக்கொள்வார்கள். விற்காத பிரதி திரும்பி வந்து எடைக்குப் போகும். அரசாங்க அலுவலகங்கள் கட்டுக்கட்டாகச் சந்தா வாங்கும், காசு மட்டும் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கும். முகவரி தெரியாத இன்னாருக்கு என்று நீதிமன்றம் போடுகிற அறிவிப்புகளில் டீ செலவு ஓடும். ஹோட்டல்காரன் விளம்பரம் போட்டுவிட்டுப் பணத்துக்குப் பதில் சாப்பாட்டுச் சீட்டு கொடுப்பான். ஒரு ரமலானில் ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பாதி அந்தச் சீட்டாகத்தான் வந்தது. வீட்டு வாடகைக்கு ஆட்டுக்கறி விருந்துச் சீட்டை நீட்டினால் எந்த வீட்டுக்காரன் வாங்குவான்?

ஆகவே மிச்சம் இருந்தது சாவு. தள்ளுபடி கேட்காத, முழு விலை கொடுக்கிற ஒரே வாடிக்கை.

அதிலும் எல்லாச் சாவும் ஒன்றில்லை. ஒரு மந்திரி செத்தால் கால் பக்கம் வரும். மந்திரி நாற்காலியில் இருக்கும்போது அவருடைய தாய் செத்தால் ஐந்து பக்கம் வரும். ஏனென்றால் இரங்கல் விளம்பரம் செத்தவருக்காகப் போடுவதில்லை. "தங்கள் தாயாரை இழந்து வாடும் மாண்புமிகு இன்னாருக்கு எங்கள் கம்பெனியின் ஆழ்ந்த அனுதாபம்" என்று உயிரோடு இருப்பவரைப் பார்த்துப் போடுவது. செத்த மந்திரியால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? தாயை இழந்த மந்திரி நாளைக்கும் வந்து கையெழுத்துப் போடுவார். கால் பக்கம் போட்டவன் யார், அரைப் பக்கம் போட்டவன் யார், போடாமலே இருந்தவன் யார் என்று அழுது முடித்தபின் எண்ணிப் பார்ப்பார். இது தெரிந்துதான் எல்லாரும் போடுகிறார்கள். யாருக்கு யார் பக்கத்தில் இடம், யாரை யாருக்கு மேலே வைக்கலாம், யார் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறார் என்று யார் காதில் போட்டால் அளவு கூடும் என்பதெல்லாம் ஃபவ்வாஸுக்கு மூச்சு விடுகிற மாதிரி. பதினெட்டு வருஷமாக அவன் செய்கிற வேலை அதுதான்.

அந்த ஃபவ்வாஸுக்கு இரண்டு தாய்.

பெற்றவள் அவனைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். ஸல்ட் ஊரின் செங்குத்தான தெரு ஒன்றில், மேல் வீட்டில் துர்ஃபா என்று ஒருத்தி அப்போது தன் மகன் முனீஃபுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளே இறங்கி வந்து அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்படிப் பால் கொடுத்தால் அது வெறும் உபகாரம் இல்லை, உறவு. அவள் அவனுக்குத் தாய், முனீஃப் சகோதரன், அவளுடைய பெண்மக்கள் அவனுக்குச் சகோதரிகள், மார்க்கத்திலும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான். "வலப்பக்கம் முனீஃப், இடப்பக்கம் இவன். இடப்பக்கத்துக்காரன்தான் கடிப்பான்" என்று துர்ஃபா பெண்கள் கூட்டத்தில் சொல்லிச் சிரிப்பாள், இவன் மீசை முளைத்து நிற்கும்போதுகூட.

சாதுவான தாய் என்று நினைத்துவிடாதீர்கள். சிகரெட் பிடிப்பாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள், எதிராளி ஏமாற்றினால் அவன் கண்ணிமை அசைவதை வைத்தே பிடித்துவிடுவாள். ஃபவ்வாஸ் அவளை யம்மா என்றுதான் கூப்பிடுவான். பெருநாள் முதல் முத்தம் அவள் கைக்கு.

முனீஃப் படித்து என்ஜினீயராகி, அரசாங்கத்தில் சாலை வேலைகளுக்குக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தான். நாட்டில் தார் ஊற்றுகிறவன், பாலம் கட்டுகிறவன், கல் உடைக்கிறவன் எல்லாரும் அவனைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். கை சுத்தமானவன், அதனால் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள்.

அண்ணன் தம்பிக்குள் விரிசல் விழுந்தது முனீஃபின் மாமனாரால். மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் படுத்திருந்தபோது ஃபவ்வாஸ் வீட்டுப்பிள்ளையாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூன்றாம் நாள் மாலை டாக்டர் கையை விரித்தார். இனி பொழுது விடியாது என்று எல்லாரும் சொன்னதால், இவன் ஆபீசுக்குப் போய் வந்திருந்த விளம்பரங்களை அடுக்கி, தயாராக வைத்துக்கொள்ளுங்கள், நான் போன் பண்ணிச் சொன்னபிறகு போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். அன்றிரவு அச்சகத்தில் ஆள் மாறினான். புது ஆள், பக்கம் தயாராக இருக்கிறதே என்று போட்டுவிட்டான்.

காலையில் கிழவர் கண்ணைத் திறந்து தயிர் கேட்டார். அதே நேரம் முனீஃபின் மனைவி பத்திரிகையைப் பிரித்தாள். அவளுடைய தகப்பனார் செத்ததற்கு எட்டு கம்பெனிகள் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தன.

கிழவர் இரண்டு நாள் கழித்துத்தான் போனார். பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, அதே விளம்பரங்களை இலவசமாகத் திரும்பப் போட்டது. முதல் முறை போட்டதை வருமானம் என்று எழுதியிருந்த கணக்கர் புத்ரோஸ் அதை அடித்துவிட்டு, இரண்டாம் முறைக்கு எழுதினார். கணக்கில் சரியாகிவிட்டது. முனீஃப் வீட்டில் சரியாகவில்லை. "நீ எங்ககூட உட்காந்து காபி குடிச்சுக்கிட்டே எங்க வீட்டு ஆளை வித்திருக்கே" என்று சொல்லிவிட்டு அவன் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு ஃபவ்வாஸ் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. துர்ஃபாதான் அடிக்கடி போன் செய்து இவனைத் திட்டுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், முனீஃப் கேட்டால் ராங் நம்பர் என்பாள். அவள் ஒரே பிடியாக நின்றாள். அவன் என் பால் குடித்தவன், அவனைப் பற்றி எனக்கு நீ சொல்லாதே என்று முனீஃபிடம் சொல்வாள்.

இந்த டிசம்பரில் துர்ஃபாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, மூச்சு வாங்கியது. கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஃபவ்வாஸுக்கு யார் சொன்னது தெரியுமா? முனீஃப் சொல்லவில்லை. சகோதரிகள் சொல்லவில்லை. பொது மேலாளர் இஸ்ஸத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

அறையில் புத்ரோஸும் உட்கார்ந்திருந்தார். வயிற்றில் புண் உள்ளவர், எதைக் கேட்டாலும் முகம் சுளிப்பவர். இஸ்ஸத் சோகமாகத்தான் ஆரம்பித்தார். உங்கள் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராமே, அல்லாஹ் சுகம் கொடுக்கட்டும் என்றார். அடுத்த மூச்சிலேயே வருஷக் கடைசிக்கு வந்துவிட்டார். அக்டோபரிலிருந்து சம்பளம் பாக்கி. வங்கி கடனை நீட்டிக்க வேண்டுமென்றால் டிசம்பர் வருமானம் ஓரளவுக்காவது நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆடிட்டர் ஜனவரி முதல் வாரம் வருகிறார். முனீஃபின் தாய் என்றால் எத்தனை பக்கம் வரும் என்று அவர் ஏற்கெனவே ஒரு காகிதத்தில் போட்டு வைத்திருந்தார். அதை வரவேண்டிய வருமானம் என்று இப்போதே சேர்த்துக்கொண்டால் என்ன என்று புத்ரோஸைக் கேட்டார்.

புத்ரோஸ் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அச்சாகி வெளிய வந்த அன்னிக்குத்தான் விளம்பரம் வருமானம். அதுக்கு முன்னாடி ஒருத்தன் காசையே கொடுத்திருந்தாலும் அது நாம அவனுக்குச் செய்ய வேண்டிய வேலை, கடன் மாதிரி. இங்க காசும் வரல, விளம்பரமும் வரல. உயிரோட இருக்கிற அம்மாவை நான் எந்தத் தலைப்புல எழுதறது? கையிருப்புச் சரக்குன்னா?"

இஸ்ஸத் சிரிக்கவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் அச்சானால் இந்த வருஷம், ஒரு நாள் தள்ளிப்போனாலும் அடுத்த வருஷம், அவ்வளவுதானே என்று உறுதி செய்துகொண்டார். அவ்வளவுதான் என்றார் புத்ரோஸ், ஜன்னலைப் பார்த்தபடி.

ஃபவ்வாஸுக்குக் காதெல்லாம் சூடானது. "அது என் தாய்" என்றான்.

"அதனாலதானே அபூ ஸக்ர் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் இஸ்ஸத். மூத்த மகன் பெயரைச் சொல்லி, மரியாதையாக, அன்பாகவே.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். வழியில் ஆரஞ்சுக் கடையில் வண்டியை நிறுத்தினான், பிறகு வேண்டாமென்று கிளப்பினான். பையோடு போனால் தொழிலுக்கு வந்தவன் என்பார்கள். வெறுங்கையோடு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது, வெறுங்கையோடு போனால் அளவெடுக்க வந்தவன் என்பார்களே என்று தோன்றியது. ஒரு மகன் தாயைப் பார்க்க எப்படி நடந்து போவான் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வான், முகத்தை எப்படி வைத்துக்கொள்வான்?

முனீஃப் வராந்தாவிலேயே நின்றிருந்தான். தாடி மழிக்கவில்லை.

"யார் சொன்னாங்க உனக்கு?"

"ஆபீஸ்ல சொன்னாங்க." உண்மைதான். அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

முனீஃப் தலையை ஆட்டினான். "ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியல உனக்கு. எத்தனை பக்கம் போட்டு வச்சிருக்கே?"

"முனீஃப், நான் யம்மாவைப் பார்க்கணும். ரெண்டே நிமிஷம். பாத்துட்டுப் போயிடறேன்."

"டாக்டரும் ரெண்டு நிமிஷம்தான் பாக்கறார். இன்னும் எவ்வளவு தாங்கும்னு பாத்துட்டுப் போயிடறார். உனக்கும் அதே ரெண்டு நிமிஷம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

ஃபவ்வாஸ் சத்தியம் செய்தான். பிள்ளைகள் மேல் செய்தான். முனீஃப் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, கதவுக்குப் பின்னால் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அந்த ஒரு விநாடி திறந்த கதவில் ஃபவ்வாஸுக்குத் தெரிந்தது ஒரு போர்வையின் நுனி மட்டும். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட வேண்டும், ஒரு தடவை கையை முத்தமிட்டுவிட வேண்டும், இவ்வளவுதான் அவன் கேட்டது. கேட்டது அது மட்டும்தான் என்று அப்போது அவன் நம்பினான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை. மழையில் அங்கேயே உட்கார்ந்தான். ஆபீசுக்குப் போகவில்லை. யாருக்கும் ஒரு போன் செய்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டான். இந்தச் சாவுக்கு, அப்படி ஒன்று வருமென்றால், அவன் ஒரு அங்குலம்கூட விற்கப்போவதில்லை.

ஆனால் போன் அவனைத் தேடி வந்தது. முதலில் சாலைக்குத் தார் ஊற்றுகிற தார்க்காரன். என்ஜினீயருடைய தாயார் ரொம்ப முடியாமல் இருக்கிறாராமே, பாலம் கட்டுகிற பாலக்காரன் எவ்வளவு சொல்லியிருக்கிறான் என்று கேட்டான். ஃபவ்வாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் உயிரோடு இருக்கிறார், போனை வை என்றான். பதினெட்டு வருஷத்தில் ஃபவ்வாஸ் அளவு சொல்ல மறுத்தது இதுதான் முதல் தடவை. அதை யோசித்துப் பார்த்த தார்க்காரன், பாலக்காரன் பெரிதாக ஏதோ எடுத்து ரகசியமாக வைக்கச் சொல்லியிருக்கிறான் என்று முடிவு பண்ணி, எனக்கு முழுப் பக்கம் என்று செய்தி அனுப்பினான். தார்க்காரன் முழுப் பக்கம் என்பது எப்படியோ பாலக்காரனுக்குத் தெரிந்து, அவன் போன் செய்தான். அவனிடமும் இவன் கத்தினான். அவனும் முழுப் பக்கம் என்றான். கல்குவாரிக்காரன் பயந்துபோய் முதல் பக்கத்தில் இடம் இருக்குமா என்று கேட்டான். வாயைத் திறந்து விற்ற காலத்தில் இப்படி விற்றதில்லை. வாயை மூடிக்கொண்டதும் சாவு பக்கம் பக்கமாகப் பெருகியது.

முனீஃபின் டிரைவர் டீ வாங்க வந்தவன், ஃபவ்வாஸ் விடாமல் போனில் பேசுவதைப் பார்த்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல் காவலாளியே இவனை உள்ளே விடவில்லை. சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆபீசிலும் நல்ல பேர் இல்லை. மூன்று நாளாக ஒரு விளம்பரம்கூட எழுதிக் கொடுக்காமல், ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கிறானே என்று இஸ்ஸத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதிர்ப் பத்திரிகைக்காரன் கமிஷனை உயர்த்திக் கொடுத்து இவனை வளைத்துவிட்டான் என்று நினைத்தார். உங்களைப் பற்றி வேறு மாதிரி கேள்விப்படுகிறேன் என்று செய்தி அனுப்பினார். ஆக, இவன் ஆபீசுக்காக உளவு பார்க்கிறான் என்று குடும்பம் நம்பியது. குடும்பத்தைக் காட்டி வேறெங்கோ விற்கிறான் என்று ஆபீஸ் நம்பியது. டீக்கடைக்காரன்கூட, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறானே, போலீஸோ என்று பார்த்தான்.

இதையெல்லாம் ஃபவ்வாஸ் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது இன்னொன்று.

பக்கத்து மஸ்ஜிதில் லுஹர், அதாவது மதியத் தொழுகையில் நின்றான். யா அல்லாஹ், அவளை எனக்கு விட்டுவை என்று மனமுருகிக் கேட்டான். பொய்யில்லை, கண்ணில் நீர் வந்தது. நெற்றியைத் தரையில் வைத்தபோது, எங்கிருந்தோ ஒரு எண்ணம் நேராக வந்து நின்றது. தார்க்காரனுக்கும் பாலக்காரனுக்கும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, இரண்டு பேரையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டால் சண்டைக்கு வருவார்கள், நடுவில் கல்குவாரிக்காரனை வைக்க வேண்டும்.

அவன் விருட்டென்று தலையைத் தூக்கினான். பக்கத்தில் தொழுதவர் திரும்பிப் பார்த்தார். ஓதியது எல்லாம் மறந்து, திரும்ப முதலிலிருந்து தொழுதான். அதற்கப்புறம் அவனுக்குத் தன் மேலேயே காவல் போட வேண்டியதாயிற்று. தாயை நினைத்தால் பக்கம் வந்தது. பக்கத்தை விரட்டினால் தாயும் போனாள். யாரோ ஒருவன் உள்ளே உட்கார்ந்து விடாமல் அடுக்கிக்கொண்டே இருந்தான். ஆறு பக்கம். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை, ஆனால் எந்த மூலையில் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான்.

புதன்கிழமை சாயங்காலம் டாக்டர், இன்றிரவு தாண்டினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதாக டீக்கடைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபவ்வாஸ் வீட்டுக்குப் போய் உடுத்தியதைக்கூட மாற்றாமல் கிடந்தான்.

வியாழக்கிழமை காலை முனீஃப் போன் செய்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. குரல் உடைந்திருந்தது. "யம்மா உன்னைக் கேக்கறாங்க. வா" என்று மட்டும் சொன்னான், அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டான்.

ஃபவ்வாஸ் அழுதுகொண்டே வண்டி ஓட்டினான். இஸ்ஸத் கூப்பிட்டார், எடுக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது அவன் நினைத்துக்கொண்டான். இன்று வியாழன். இன்றே போய்ச் சேர்ந்தால் நாளை வெள்ளிக்கிழமை இதழ், வாரத்திலேயே அதிகம் விற்கிற இதழ். கையால் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான். பக்கத்து வண்டிப் பெண், பாவம் யாரையோ இழந்துவிட்டான் போலிருக்கிறது என்று பார்த்தாள்.

காவலாளி வழி விட்டான். வராந்தாவில் முனீஃப் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, டாக்டர் கூப்பிடுகிறார், இதோ வருகிறேன் என்று போனான்.

துர்ஃபா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பருப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

முகம் சுருங்கிப் பாதியாகியிருந்தது. குரல் கரகரத்தது. கண் மட்டும் அதே கண். "வாடா களவாணி. உப்பே இல்லாத சூப்பைக் குடுத்துக் கொல்லப் பாக்கறானுங்க. உக்காரு." அவன் நின்றுகொண்டே இருந்தான். "விடியக்காலம் காய்ச்சல் விட்டுடுச்சு. டாக்டரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போலாம்னுட்டாரு. முனீஃப் காலையிலேர்ந்து சந்தோஷத்துல அழுதுக்கிட்டே இருக்கான், பொம்பளை மாதிரி."

சந்தோஷம் வந்தது. அதை யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது, சத்தியமாக வந்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வந்தது. ஆனால் அது இரண்டாவதாக வந்தது. அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்து அவன் முகத்தில் ஏறி, கன்னத்தைக் கீழே இழுத்துவிட்டு இறங்கிப் போனது. இமைக்கிற நேரம்தான். அவனுக்கே கன்னத்தில் அது தெரிந்தது. உடனே சிரித்தான். அல்ஹம்துலில்லாஹ் என்றான், சத்தமாக.

துர்ஃபா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். வாழ்நாளெல்லாம் எதிரில் உட்கார்ந்தவன் முகத்தைப் பார்த்தே சீட்டு இறக்கியவள்.

"எத்தனை பக்கம்டா?" என்றாள் மெதுவாக.

அவள் காத்திருந்தாள். அவளிடம் அவன் பொய் சொன்னதில்லை, சொன்னாலும் செல்லாது.

"ஆறு."

"முனீஃப் மாமனாருக்கு?"

"ரெண்டு."

"பரவாயில்லையே" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணி நடுங்கியதே தவிர சிரிப்பாகவில்லை. அந்த உதட்டைப் பார்க்க முடியாமல் அவன் தரையில் மண்டியிட்டு, போர்வையோடு அவள் காலைக் கட்டிக்கொண்டு, விம்மி விம்மி அழுதான்.

"யம்மா, நீ பிழைக்கணும்னுதான் கேட்டேன். அல்லாஹ் மேல சத்தியமா, வேற ஒண்ணும் கேக்கல."

"தெரியும்டா" என்றாள் அவள். "கேட்டிருப்பே. ரெண்டையும்தான் கேட்டிருப்பே."

அவள் கை அவன் தலையைத் தேடி வரும் என்று அவன் குனிந்தே இருந்தான். வரவில்லை.

கதவு திறந்தது. முனீஃப் மாத்திரைச் சீட்டோடு உள்ளே வந்து, தரையில் கிடந்து அழுகிறவனைப் பார்த்து அப்படியே நின்றான். ஃபவ்வாஸ் எழுந்திருக்கவில்லை. இப்போது அவள் சொல்லிவிடுவாள், சொல்லட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்தான். அவள் சொன்னால் முனீஃப் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான், ஒரு வழியாக எல்லாம் முடியும்.

துர்ஃபா மகனைப் பார்த்துச் சொன்னாள்:

"பாரு உன் தம்பியை. நான் வீட்டுக்கு வரேன்னு சொன்னதும் அழுது தீக்கறான். இவனைப் போயி வாசல்ல நிக்க வச்சியே. இனிமே இவனை ஒரு வார்த்தை சொன்னே, பாத்துக்க."

முனீஃப் முகம் உடைந்தது. அவன் குனிந்து ஃபவ்வாஸைத் தூக்கி நிறுத்தி மார்போடு இறுக்கிக்கொண்டான். ஒரு தோளில் முத்தமிட்டான், மறு தோளில் முத்தமிட்டான். மன்னிச்சிடுடா, நான் மனுஷனே இல்லை, பால் குடித்த உறவைச் சந்தேகப்பட்டேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவோம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்றான்.

ஃபவ்வாஸ் சரி என்றான். முனீஃபின் தோளுக்கு மேலே அவன் கண் கட்டிலைத் தேடியது. துர்ஃபா ஸ்பூனைத் திரும்பக் கையில் எடுத்திருந்தாள். ஆறிப்போன சூப்பைக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். போய் வருகிறேன் யம்மா என்று அவன் சொன்னபோது, நல்லபடியா போ என்றாள், கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.